வேட்டை நாய்: கடுவனா? பெட்டையா?

பசு கன்று போட்டால் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி முதலில் என்ன கேட்கிறார்?

"கிடாரிதானே?" என்று கேட்கிறார்.

கிடாரி என்றால் வீட்டில் சந்தோஷம். காளைக் கன்று என்றால் முகம் கொஞ்சம் சுருங்குகிறது. ஆடு குட்டி போட்டாலும் இதே கதைதான். பெட்டைக் குட்டியை வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். கிடாய்க் குட்டி ஒரு நாள் சந்தைக்குப் போகிறது.

அதே வீட்டில் நாய் குட்டி போடட்டும். அப்போது கேள்வி தலைகீழாக மாறிவிடுகிறது.

"கடுவன் எத்தனை?"

கடுவன் குட்டிகளுக்குப் பலத்த போட்டி! கண் திறப்பதற்கு முன்பே, "அது எனக்கு, இது எனக்கு" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். பெட்டைக் குட்டிகளைக் கேட்க நாதி இல்லை. ஒரு நாள் இரவு அவை சாக்குப் பைக்குள் போகின்றன. மறுநாள் காலையில் வாய்க்கால் மதகு ஓரத்திலோ, சந்தைத் திடலிலோ, கோயில் வாசலிலோ நின்று கத்திக்கொண்டிருக்கின்றன.

மாட்டில் பெண் என்றால் லட்சுமி. நாயில் பெண் என்றால் தொல்லை. இது என்ன நியாயம்?

என்ன காரணம் சொல்கிறார்கள்?

கடுவன்தான் வேண்டும் என்பவர்கள் மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள்.

ஒன்று: கடுவன் உருவத்தில் பெரியது, தைரியம் அதிகம், வேட்டைக்கும் காவலுக்கும் அதுதான் லாயக்கு.

இரண்டு: பெட்டை நாய்க்குப் பருவம் வந்தால் ஊரில் உள்ள நாய்கள் எல்லாம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

மூன்று: அது குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். யார் சோறு போடுவது?

இந்த மூன்றையும் அப்படியே ஒதுக்கிவிட முடியாது. இரண்டாவதும் மூன்றாவதும் உண்மையான கஷ்டங்கள். முதலாவது மட்டும் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை முழு உண்மை என்று நம்பியதால் வந்த நஷ்டம் கொஞ்சம் நஞ்சமல்ல.

வேட்டையில் யார் கெட்டி?

வேட்டை நாய்க்கு என்ன வேண்டும்? கூர்மையான கண் அல்லது மூக்கு வேண்டும். ஓடும் கால் வேண்டும். சீக்கிரம் இளைக்காத மூச்சு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூப்பிட்டால் திரும்பி வரும் புத்தி வேண்டும்.

இந்த நான்கில் எது கடுவனுக்கு மட்டும் சொந்தம்? எதுவும் இல்லை!

கடுவனுக்கு எடை அதிகம். பெரிய மிருகத்தோடு கட்டிப் புரள வேண்டிய இடத்தில் அந்த எடை உதவும். ஆனால் வேட்டை எல்லாமே மல்யுத்தம் அல்ல. சட்டென்று திரும்ப வேண்டும். குறுகிய சந்துக்குள் நுழைய வேண்டும். அங்கே எடை குறைந்த பெட்டைக்கே வசதி. பொதுவாகப் பெட்டைக் குட்டி சீக்கிரம் வளர்ந்து, சீக்கிரம் பக்குவப்படும். சொன்னதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கடுவன் இன்னும் சில மாதங்கள் விளையாட்டுப் பிள்ளையாகவே திரியும்.

காட்டைப் பாருங்கள். சிங்கத்துக்குப் பிடரி மயிர் இருக்கிறது, கர்ஜனை இருக்கிறது. ஆனால் சிங்கக் கூட்டத்துக்கு இரை தேடும் வேலையில் பெரும் பங்கு பெண் சிங்கங்களுடையதுதான்.

பெட்டையில் ஒரு குறை உண்டு. பருவம் வந்த பெட்டையை மற்ற நாய்களோடு வேலைக்கு அழைத்துப் போனால், கடுவன்களுக்கு வேலையில் புத்தி போகாது. அந்த மூன்று வாரம் அதை வீட்டில்தான் வைத்திருக்க வேண்டும். குட்டி போட்டால் இன்னும் சில மாதங்கள் அது வேலைக்கு வராது. இது நஷ்டம்தான்.

கடுவன் மட்டும் என்ன, வருஷம் முழுவதும் ஒழுங்காக வேலை செய்கிறதா? எங்கோ நாலு தெரு தள்ளி ஒரு பெட்டைக்குப் பருவம் வந்தால் போதும். காற்றில் வாசனை வந்ததும் கட்டை அறுத்துக்கொண்டு ஓடிவிடும். மூன்று நாள் கழித்துக் காது கிழிந்து, கால் நொண்டி வீடு திரும்பும். சில நாய்கள் திரும்புவதே இல்லை. சாலையில் லாரி அடித்துவிடுகிறது. இனச்சேர்க்கையால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் ஒரு புற்றுக்கட்டியையும் சில நாய்கள் வாங்கி வருகின்றன.

பெட்டையின் கஷ்டம் வாசலில் தெரிகிறது. கடுவனின் கஷ்டம் வெளியூரில் நடக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

காவிரிக் கரையில் என்ன வேட்டை?

வேட்டை என்றதும் முயலும் நரியும் ஞாபகத்துக்கு வரும். அந்தக் காலம் முடிந்துவிட்டது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, முயல், நரி, உடும்பு, கீரி எதையும் நாயை விட்டுப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் குற்றம். நாயின் சொந்தக்காரர்தான் கோர்ட்டில் நிற்க வேண்டும். காணும் பொங்கலன்று சாமி பாரிவேட்டைக்குப் புறப்படும் வழக்கம் பல கோயில்களில் உண்டு. அது சடங்கு. அந்தப் பெயரைச் சொல்லி முயல் பிடிக்கப் போனால் வன இலாகா சும்மா இருக்காது.

கோடியக்கரையில் 1967ஆம் ஆண்டு முதல் வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. வெளிமான்கள் அங்கே கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. அந்த மான்களுக்கு ஆபத்தாக இருப்பவற்றுள் ஆள் இல்லாமல் திரியும் நாய்களும் ஒன்று. நாயைக் கவனிக்காமல் விட்டால் ஊருக்கு மட்டுமல்ல, காட்டுக்கும் கேடு.

அப்படியானால் டெல்டாவில் நாய்க்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. வயலில் இருக்கிறது!

நெல் வயலுக்கு எலி பெரிய பகை. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் வரப்பெலி வந்தால், விவசாயியின் வயிறு எரியும். கதிரைக் கத்தரித்து வளைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கும். மூங்கிலையும் கயிற்றையும் வைத்து எலி பிடிக்கச் செய்த கருவிக்குத் "தஞ்சாவூர் கிட்டி" என்றே பெயர். இந்த மண்ணில் எலிச் சண்டை எவ்வளவு பழையது என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

வளை தோண்டி எலி பிடிப்பவர்களோடு நாய் போவது வழக்கம். வரப்பில் பத்து வளை இருக்கும். எதில் எலி இருக்கிறது? நாயின் மூக்கு சொல்லிவிடும். ஒருவர் மண்வெட்டியால் தோண்டுவார். எலி வேறு வாசல் வழியாகத் தப்பப் பார்க்கும். அந்த வாசலில் நாய் காத்திருக்கும்.

இந்த வேலைக்கு உயரம் எதற்கு? எடை எதற்கு? பொறுமையும் மூக்கும் இருந்தால் போதும். இதில் கடுவன் பெட்டை என்ற பேதம் எங்கே வந்தது?

ஒரு எச்சரிக்கை. எலிக்கு விஷம் வைத்த வயலுக்கு நாயை அழைத்துப் போகக் கூடாது. விஷம் தின்ற எலியைக் கடித்துத் தின்றால் நாயும் செத்துப்போகலாம். எலிக் காய்ச்சல் நாயையும் தாக்கும், மனிதனையும் தாக்கும். நாய்க்கு அதற்கும் தடுப்பூசி உண்டு.

பேர் பெற்ற ஜாதி நாய்கள்

தமிழ்நாட்டு வேட்டை நாய்கள் உலகம் அறிந்தவை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நான்கு ரகங்கள் பேர் பெற்றவை. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தியத் தபால் இலாகா நான்கு நாய்த் தபால் தலைகள் வெளியிட்டது. அதில் ஒன்று ராஜபாளையம் நாய்.

இவற்றில் சிப்பிப்பாறையும் கன்னியும் தெற்கே கரிசல் காட்டுப் பிள்ளைகள். மெலிந்த உடம்பு, நீண்ட கால். கண்ணால் பார்த்துத் துரத்தும் ஜாதி. பரந்து கிடக்கும் வெட்டவெளியில் பாய்ந்து ஓடுவதற்காகவே பிறந்தவை. ஆனி முதல் தை வரை தண்ணீரும் சேறுமாகக் கிடக்கும் காவிரி வயலில் அந்த ஓட்டம் எப்படி நடக்கும்? வழுக்கும் வரப்பில் ஒல்லிக் கால் முறிந்து போகலாம். ஆசைக்கு வாங்குகிறவர்கள் முதலில் இதை யோசிக்க வேண்டும். கடுவனா பெட்டையா என்பது அப்புறம். இந்த மண்ணுக்கு இந்த நாய் பொருந்துமா என்பதுதான் முதல் கேள்வி. எலி வேட்டைக்கும் வைக்கோல் போர்க் காவலுக்கும் நம் ஊர் நாட்டு நாயே தாராளமாகப் போதும்.

கன்னி என்ற பெயரைக் கவனியுங்கள். கல்யாணப் பெண்ணுக்குச் சீதனமாக இந்த நாயைக் கொடுப்பார்கள் என்றும், அதனால்தான் அந்தப் பெயர் வந்தது என்றும் சொல்வதுண்டு. வேட்டை நாய்க்கே பெண் பெயர்!

அந்தக் காலத் தமிழிலும் பெட்டை நாய்க்கு மரியாதையான பெயர்கள் இருந்தன. "பிணவு" என்றும், "பாட்டி" என்றும் வழங்கியதைத் தொல்காப்பியம் சொல்கிறது. இன்றைக்கோ அதைச் சொல்லும் சொல்லையே வசவாக்கி வைத்திருக்கிறோம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊர் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று அங்கே உண்டு. ஏழாம் நூற்றாண்டுக் கல். அந்தக் கல்லில் வீரனோடு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கல்வெட்டுப் புகழ்வது நாயின் வேலையை. அது கடுவனா பெட்டையா என்று அந்தக் கல் பேசவே இல்லை.

விண்வெளிக்குப் போன பெட்டை

"பெட்டைக்குத் தைரியம் போதாது" என்பவர்களுக்கு ஒரு செய்தி.

பூமியை முதன்முதலில் சுற்றி வந்த உயிர் எது? மனிதன் அல்ல. லைக்கா என்ற நாய். 1957ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி, ரஷ்யர்கள் அதை ஸ்புட்னிக் 2 என்ற விண்கலத்தில் ஏற்றி அனுப்பினார்கள். லைக்கா மாஸ்கோ நகரத் தெருவில் அலைந்து திரிந்த நாய். பெட்டை நாய்!

பணக்கார வீட்டு ஜாதி நாய்களை விட்டுவிட்டு ஏன் தெரு நாயை எடுத்தார்கள்? குளிரையும் பசியையும் தாங்கிப் பழகியது என்பதால். ஏன் பெட்டை? இடுக்கமான கூண்டில் காலைத் தூக்க இடம் வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம். பாவம், லைக்கா உயிரோடு திரும்பவில்லை.

1960ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெல்கா, ஸ்ட்ரெல்கா என்ற இரண்டு நாய்கள் போயின. அவையும் பெட்டைகளே. உலகைச் சுற்றிவிட்டு உயிரோடு திரும்பின. பிறகு ஸ்ட்ரெல்கா ஆறு குட்டிகள் போட்டது. அதில் ஒன்றை 1961ஆம் ஆண்டு ரஷ்யத் தலைவர் குருஷ்சேவ், அமெரிக்க ஜனாதிபதி கென்னடி வீட்டுக்குப் பரிசாக அனுப்பினார். புஷிங்கா என்ற அந்தக் குட்டியும் பெட்டைதான்.

ஒரு நாட்டின் தெருவில் திரிந்த பெட்டை நாயின் குட்டி, இன்னொரு நாட்டு ஜனாதிபதியின் மாளிகையில் வளர்ந்தது. நம் ஊரில் பிறந்திருந்தால் சாக்குப் பையில் மதகு ஓரத்துக்குப் போயிருக்கும்!

தாய் இல்லாமல் தனயன் ஏது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

எல்லோரும் கடுவன் குட்டியையே எடுத்தால், அடுத்த ஈற்றுக்குத் தாய் எங்கிருந்து வரும்?

மாடு வளர்ப்பவருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஒரு காளை இருந்தால் போதும், பத்துப் பசுக்கள் சினைப்படும். பத்துக் காளைகள் இருந்து ஒரே பசு என்றால் மந்தை வளராது. நாய்க்கும் இதே கணக்குத்தான். நல்ல பெட்டைகள் எத்தனையோ, அத்தனைக்குத்தான் ஜாதி பெருகும்.

பெட்டைகள் குறைந்தால் இன்னொரு ஆபத்தும் வரும். கிடைக்கிற நாலைந்து தாய்களை வைத்துக்கொண்டே, அண்ணன் தங்கை, தாய் மகன் என்று பார்க்காமல் சேர்க்க வேண்டி வரும். இரத்தம் நெருங்க நெருங்க ஜாதி கெடும். வெள்ளை நிற ராஜபாளையம் நாய்களில் சில செவிடாகப் பிறப்பது வளர்ப்பவர்கள் அறிந்த விஷயம். அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் குறை அது. நெருங்கிய இரத்தத்தில் சேர்த்தால் இப்படிப்பட்ட குறைகள் தலைமுறைக்குத் தலைமுறை கூடும்.

குட்டிக்குத் தாய் இரத்தம் மட்டும் தருவதில்லை. முதல் இரண்டு மாதமும் பாடம் சொல்லித் தருகிறது. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எதைக் கண்டு பயப்படலாம், மனிதனை நம்பலாமா என்பதெல்லாம் தாயிடம் கற்றுக்கொள்ளும் பாடங்கள். பயந்தாங்கொள்ளித் தாயின் குட்டியும் பயந்தே வளரும். நல்ல கடுவன் வேண்டும் என்று ஆசைப்படுபவர், முதலில் ஊரில் யாராவது ஒரு நல்ல பெட்டையை வளர்க்க வேண்டும் என்று ஆசைப்பட வேண்டும்.

தொல்லை தீர்ந்ததா?

சரி, வேண்டாம் என்று தெருவில் விட்ட பெட்டைக் குட்டி என்ன ஆகிறது?

பாதி செத்துப்போகும். பிழைத்த பாதி, வயது ஒன்று நிரம்புவதற்குள் தாயாகலாம். சினைக்காலம் சுமார் 63 நாள். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் நாய்ச் சண்டை. மார்கழி, தையில் சந்து பொந்து எல்லாம் குட்டி. ஒரு பெட்டை ஆண்டுக்கு நாலு குட்டி போட்டால் ஐந்து ஆண்டில் இருபது. அந்த இருபதில் பெட்டைகள் எத்தனை, அவை போடும் குட்டிகள் எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெட்டைக் குட்டியைத் தெருவில் விட்டவர் தொல்லையை ஒழிக்கவில்லை. ஊருக்கு எல்லாம் பங்கு வைத்துவிட்டார்! பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை நாய் துரத்தும்போது, அந்தப் பங்கு நம் வீட்டுக்கும் வந்து சேர்கிறது. ஊசி போடாத நாய் கடித்தால் வெறிநோய் பயம் வேறு. அந்த நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் ஆளைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. கருத்தடை ஆபரேஷன்.

ஆபரேஷன் செய்த பெட்டைக்குப் பருவம் வராது. வாசலில் நாய்க் கூட்டம் நிற்காது. குட்டியும் இல்லை. வயதான பெட்டைகளுக்கு வரும் கருப்பைச் சீழ் நோய் வராது. சிறு வயதிலேயே செய்தால் மடியில் புற்றுக்கட்டி வரும் பயமும் குறையும். மூக்கும் காலும் எப்போதும் போலவே இருக்கும். தீனியில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும், இல்லாவிட்டால் சதை போடும். கடுவனுக்கும் இதே ஆபரேஷன் உண்டு. ஊர் சுற்றுவது குறையும். தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் 2012ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அரசாங்கக் கால்நடை டாக்டரிடம் யோசனை கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

மூன்று காரணங்கள் சொன்னார்களே, அவற்றில் இரண்டு இந்த ஒரே ஆபரேஷனில் அடிபட்டுப் போயின. முதலாவது வரப்பின் மேலேயே அடிபட்டுப் போயிற்று.

குட்டி எடுக்கப் போகிறீர்களா?

குட்டி எடுக்கப் போகிறவர் முதலில் தாயைப் பார்க்க வேண்டும். அது அமைதியாக இருக்கிறதா? ஆளைக் கண்டு நடுங்குகிறதா? அதைப் பார்த்தால் குட்டியின் குணம் ஓரளவு தெரிந்துவிடும்.

எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டு வந்த மத்திய அரசு விதியும் அதற்கு முன் விற்பதைத் தடுக்கிறது.

குட்டிக்குப் பின்னால் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். திரும்பிப் பார்த்தால் காது நன்றாக இருக்கிறது. வெள்ளைக் குட்டி என்றால் இதை அவசியம் செய்ய வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கடுவன் இருந்தால் இரண்டாவது பெட்டையாக இருப்பது நல்லது. கடுவனும் கடுவனும் சேர்ந்தால் பெரும்பாலும் சண்டை. ஒன்றுக்காவது ஆபரேஷன் செய்துவிட்டால் குட்டிப் பிரச்னை இல்லை.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில், ஒரே நாய் போதும் என்றால், ஆபரேஷன் செய்த பெட்டை மிகவும் நல்லது. வீட்டைச் சுற்றியே கிடக்கும். ராத்திரி ஊர் சுற்றப் போகாது. வைக்கோல் போருக்கும் களத்து நெல்லுக்கும் காவல் இருக்கும்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்த் தடுப்பூசி. பிறகு ஆண்டுதோறும் மறக்காமல் ஊசி. இதில் கடுவனுக்கும் பெட்டைக்கும் ஒரே சட்டம்தான்.

கிடாரி பிறந்தால் சர்க்கரைப் பொங்கல் வைக்கிற ஊர் இது. பெண் கன்றின் மதிப்பு தெரிந்தவர்களுக்குப் பெட்டைக் குட்டியின் மதிப்பு தெரியாமல் போகாது. அடுத்த முறை பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டால், "கடுவன் எத்தனை?" என்று கேட்க வேண்டாம்.

"தாய் எப்படி? குட்டிகளில் எது சூட்டிகை?" என்று கேளுங்கள். அப்புறம், அந்தச் சூட்டிகையான குட்டி பெட்டையாக இருந்தாலும் தயங்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.